வள்ளி திருமணமும் எல்.இ.டி. திரையும்



போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். "டீச்சர், நாடக மேடைக்குப் பக்கத்துல லேப்டாப்பை வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?" என்று ஒருவன். என் நாத்தனார் மகள், "அத்தை, ரிட்டயர்டு ஆனதுக்கப்புறம் ரேடியோ செட் தொழில்ல இறங்கிட்டீங்களா?" என்று சிரிப்புப் பொம்மை போட்டிருந்தாள். தனித்தனியாகப் பதில் எழுதினால் தீராது. அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

ஆலங்குடிப் பக்கம் நம் மாணவன் ஒருவன் ரேடியோ செட் வைத்திருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவன் தாத்தா காலத்தில் குழாய் ஒலிபெருக்கி. அப்பா காலத்தில் சீரியல் லைட். இவன் காலத்தில் எல்.இ.டி. திரை. நம் பக்கம் அதை 'எல்.இ.டி. வால்' என்றே சொல்கிறார்கள். மனைவியின் நகையை அடகு வைத்து, மீதிக்குக் கடன் வாங்கி அந்தத் திரையை எடுத்தான். போன வருடம் ஒரு கோயில் திருவிழாவில் அந்தத் திரையால் அவனுக்குப் பெரிய தலைகுனிவு வந்தது. அதை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விடலாம் என்ற முடிவோடு என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தான். அங்கிருந்து தொடங்கியதுதான் இதெல்லாம்.

நம் மாவட்டத்துக்கு வெளியே இருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. இங்கே திருவிழா என்றால் இரவு நாடகம் உண்டு. நாடகம் என்றால் முதலில் வள்ளி திருமணம்தான். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. 1867இல் பிறந்து 1922இல் மறைந்தவர். அவருக்கும் நம் புதுக்கோட்டைக்கும் உறவு உண்டு. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம்தான் சுவாமிகள் இசையும் தாளமும் பயின்றார். தாளம் பிசகக் கூடாது என்பது இந்த மண்ணில் கோயில் பிரசாதம் மாதிரி எல்லாருக்கும் கொடுக்கப்பட்ட பாடம்.

வள்ளி திருமணம் சினிமா மாதிரி இல்லை. இத்தனை நிமிடத்தில் இன்ன காட்சி என்று அதில் கிடையாது. நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கிவிட்டால் அரை மணியும் ஆகும், ஒன்றரை மணியும் ஆகும். கூட்டம் ரசித்தால் ராஜபார்ட் இன்னும் இரண்டு பாட்டு பாடுவார். பபூன் உள்ளே புகுந்தால் கேட்கவே வேண்டாம். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் ஆல்ரவுண்ட் வாசிப்பவரும் நடிகரின் வாயையும் கண்ணையும் பார்த்துக்கொண்டே வாசிப்பார்கள். நடிகர் எங்கே போனாலும் அவர்கள் கூடவே போக வேண்டும்.

பின்னால் தொங்கும் படுதாவுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. காடு எழுதிய படுதா, அரண்மனை எழுதிய படுதா, தெரு எழுதிய படுதா. கயிற்றை இழுத்தால் காடு வரும். நாடகம் நீண்டால் காடும் நீளும். படுதா எழுதுகிறவர் மாதக்கணக்கில் பாடுபட்டிருப்பார். ஆனால் அந்தப் பாடெல்லாம் மேடைக்கு வருவதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. மேடையில் மிச்சம் இருக்கும் ஒரே வேலை கயிறு இழுப்பது. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இப்போது எல்.இ.டி. திரைக்கு வருவோம். போன வருடம் அந்த ஊரில் படுதாவுக்குப் பதிலாக இவனுடைய திரை. காடு அசைகிறது, அருவி கொட்டுகிறது, மயில் ஆடுகிறது. சனங்களுக்கு ஒரே சந்தோஷம். கடைசியில் யானை வரும் கட்டம். உங்களுக்குத் தெரியும், கிழவர் வேடத்தில் வந்த முருகன் அண்ணன் விநாயகரை நினைப்பார், யானை வரும், வள்ளி பயந்து ஓடிக் கிழவரைக் கட்டிக்கொள்வாள். விடிய விடிய உட்கார்ந்திருக்கும் சனம் அந்த ஒரு கட்டத்துக்காகக் காத்திருக்கும்.

ராஜபார்ட் குரல் கொடுத்தார். இவன் யானைப் படத்தைத் தட்டினான். திரை ஒரு கணம் கறுத்தது. பிறகு யானை வந்தது. ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றது. கட்டம் கட்டமாக உடைந்தது. அசைந்தது, மறுபடியும் நின்றது. வள்ளியாக நடித்த அந்த அம்மா என்ன செய்வார்? அலறிக்கொண்டு ஓட வேண்டிய நேரம். ஓடினார். நின்றுபோன யானையைப் பார்த்து அவர் அலறியதும் கூட்டம் முழுவதும் சிரித்துவிட்டது.

"டீச்சர், சனம் பூராம் சிரிச்சுப்புட்டாக. கமிட்டிக்காரவுக பாதிப் பணத்தைப் பிடிச்சுக்கிட்டாக. அதுகூடப் பரவாயில்ல. அந்த அம்மா வேஷத்தைக் கலைச்சுட்டு வந்து, 'அடுத்த தடவ எனக்குப் படுதாவையே கட்டுப்பா, அது என்னயக் கேலி பண்ணாது'ன்னு சொன்னாக. அதுதான் டீச்சர் எனக்குத் தாங்கல" என்றான்.

முப்பது வருடமாக மேடையில் நிற்கும் ஒரு பெண்ணின் உழைப்பை ஒரு வீடியோ ஃபைல் கேலிக்கூத்தாக்கிவிட்டது. இது சின்ன விஷயம் இல்லை என்று எனக்குப் பட்டது. அதைவிட எனக்கு வருத்தம் தந்தது அவன் அடுத்துச் சொன்னது. "நான் பத்தாவதோட நின்னவன் டீச்சர். படிச்சவன் செய்யுற தொழில நான் செஞ்சது தப்பு."

வகுப்பறையில் எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்ட பேச்சு அது. கணக்கு தப்பாகப் போனால், எந்த வரியில் தப்பு என்று பார்க்காமல், 'எனக்குக் கணக்கு வராது' என்று முடித்துவிடுவார்கள். எந்த வரியில் தப்பு என்று காட்டிவிட்டால் போதும், முகம் மாறிவிடும். அந்த வரியை நாம் தேடுவோம் என்று சொன்னேன்.

சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் இன்னொரு மாணவன் இருக்கிறான். இவனுக்கு நாலு வருடம் இளையவன். பெரிய மேடை நிகழ்ச்சிகளுக்குத் திரைக் காட்சிகள் செய்வது அவன் தொழில். அவனை வீடியோ அழைப்பில் பிடித்தேன். என் நிபந்தனை ஒன்றுதான்: எனக்குப் புரிகிற தமிழில் சொல்ல வேண்டும், எனக்குப் புரிந்தால் அண்ணனுக்கும் புரியும். கல்வித் தொலைக்காட்சி வந்த காலத்தில் பாடக் காணொலிகள் கொஞ்சம் செய்து பார்த்ததால் எனக்கும் இந்தச் சொற்கள் முற்றிலும் புதிது இல்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை பேசினோம். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். அதிலிருந்து உங்களுக்கும் சொல்கிறேன். ஆண்டு விழா, கல்யாண வரவேற்பு, கட்சிக் கூட்டம் என்று எங்கே திரை வைத்தாலும் இது உதவும்.

முதல் பாடம், வீடியோ ஃபைல் என்றால் என்ன. ஒரு விநாடிக்கு 25 அல்லது 30 நிழற்படங்கள். அவ்வளவுதான். ஆனால் அத்தனை படங்களையும் முழுதாக வைத்தால் இடம் போதாது. அதனால் சுருக்கி வைக்கிறார்கள். நம் செல்போனும் இணையமும் பெரும்பாலும் பயன்படுத்தும் சுருக்கு முறைக்கு எச்.264 என்று பெயர். 2003இல் வந்தது. அது எப்படிச் சுருக்குகிறது என்பதுதான் யானை நின்ற ரகசியம்.

அந்தக் காலத்தில் வெளியூரிலிருந்து கடிதம் எழுதுவோமே, 'மற்றவை எல்லாம் போன கடிதத்தில் எழுதியபடியே' என்று. அந்த மாதிரிதான். முதல் படம் முழுதாக இருக்கும். இரண்டாவது படத்தில் 'முன்னதைப் போலவே, யானையின் கால் மட்டும் இவ்வளவு நகர்ந்தது' என்று மட்டும் இருக்கும். மூன்றாவதும் அப்படியே. சில படங்கள் பின்னால் வரப்போகும் படத்தையும் பார்த்துத்தான் தன்னை நிரப்பிக்கொள்ளும். முழுப் படம் எப்போதாவதுதான் வரும். பலரும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளில், நாம் ஒன்றும் மாற்றாவிட்டால், 250 படம் வரைக்கும்கூட அடுத்த முழுப் படம் வராமல் இருக்கலாம். விநாடிக்கு 25 படம் என்றால் அது பத்து விநாடி.

தொடக்கத்திலிருந்து ஒழுங்காக ஓடவிட்டால் இதில் பிரச்சினை இல்லை. கடிதங்களை வரிசையாகப் படிக்கிற மாதிரி. ஆனால் நாடக மேடையில் என்ன நடக்கிறது? ராஜபார்ட் குரல் கொடுத்ததும் யானை உடனே வர வேண்டும். படத்தின் ஆரம்பத்தில் வெறும் புதர் எட்டு விநாடி இருக்கிறது என்று இவன் நடுவிலிருந்து ஓடவிட்டான். 200ஆவது கடிதத்தைப் பிரித்தவுடன் அது 'போன கடிதத்தைப் பார்' என்கிறது. அது அதற்கு முந்தியதைப் பார் என்கிறது. முழுக் கடிதம் கிடைக்கும் வரை கணினி பின்னால் போய், அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். அதற்குள் இங்கே வள்ளி அலறிவிட்டார்.

இது மட்டும் இல்லை. பின்னால் காடு அசையும் வீடியோ ஒன்று, அதற்கு மேல் யானை வீடியோ ஒன்று. இரண்டு கடிதக்கட்டுகளை ஒரே ஆள் ஒரே நேரத்தில் படிக்கிற மாதிரி. அதுவும் இரண்டுமே 4கே.

இந்த 4கே விஷயத்தில்தான் எங்கள் மூவருக்கும் சிரிப்பு வந்தது. "திரை பெருசு டீச்சர், அதனால பெரிய வீடியோவா எறக்குனேன்" என்றான். எவ்வளவு பெரிசு என்று கணக்குப் பார்த்தோம். அவனுடைய திரை சிறு சிறு சதுரப் பலகைகளைச் சேர்த்தது. ஒரு பலகை 500 மில்லிமீட்டர் சதுரம். விளக்குப் புள்ளிகளுக்கு இடையே தூரம் 3.91 மில்லிமீட்டர். அதனால் ஒரு பலகையில் அகலத்தில் 128 புள்ளி, உயரத்தில் 128 புள்ளி. அவன் கட்டுவது அகலத்தில் 8 பலகை, உயரத்தில் 5 பலகை. ஆக 1024க்கு 640. மொத்தம் 6,55,360 புள்ளிகள். 13 அடி அகலத் திரையில் இருப்பது அவ்வளவுதான்!

4கே வீடியோவில் ஒரு படத்துக்கு 3840க்கு 2160. அதாவது 82,94,400 புள்ளிகள். திரையில் இருப்பதைப்போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேல். அத்தனையையும் கணினி விநாடிக்கு 25 தடவை கணக்குப் போட்டு முடித்து, பிறகு பன்னிரண்டில் பதினோரு பங்கைத் தூக்கி எறிகிறது. ஒரு படி அரிசி வேகும் பானையில் பன்னிரண்டு படி போட்டு அடுப்பைத் திட்டுகிற கதை. அடி வேறு, புள்ளி வேறு என்று தெரிந்ததும் அவன் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டும். தப்பு எந்த வரியில் என்று கிடைத்துவிட்டது.

இரண்டாவது பாடம், மேடைக்கு ஏற்ற ஃபைல் எது. இதற்கென்றே சில முறைகள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் ஹாப். விட்வாக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்துக்காக டாம் பட்டர்வொர்த் என்பவர் உருவாக்கி 2013இல் வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம். இன்னொன்று டி.எக்ஸ்.வி. நெதர்லாந்தைச் சேர்ந்த ரெசல்யூம் என்ற மேடைக்காட்சி மென்பொருள்காரர்களுடையது. இரண்டின் தத்துவமும் ஒன்றுதான். ஒவ்வொரு படமும் தனக்குத்தானே முழுசு. முன் கடிதம், பின் கடிதம் எதுவும் வேண்டாம். 200ஆவது படத்தைக் கேட்டால் 200ஆவதை மட்டும் எடுத்துக் கொடுக்கும். அதோடு, கணினியின் கிராபிக்ஸ் கார்டு நேரடியாகப் புரிந்துகொள்ளும் வடிவத்திலேயே படம் இருக்கும். கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் சுவருக்கும் தரைக்கும் தோல் போர்த்தப் பயன்படுத்தும் அதே சுருக்கு முறை. அதனால் பிராசசருக்கு வேலை மிகக் குறைவு.

இப்போது படுதாவை நினைத்துக்கொள்ளுங்கள். எச்.264 என்பது மேடையில் உட்கார்ந்து அப்போதைக்கப்போது எழுதும் படுதா. ஹாப் என்பது எழுதி முடித்துச் சுருட்டி வைத்த படுதா. கயிற்றை இழுத்தால் போதும்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஃபைல் பெரிதாகிவிடும். இதுவும் கணக்குதான், போட்டுப் பாருங்கள். ஹாப் முறையில் ஒரு புள்ளிக்கு அரை பைட். 6,55,360இல் பாதி 3,27,680 பைட். விநாடிக்கு 25 படம் என்றால் சுமார் 8.2 மெகாபைட். ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 490 மெகாபைட். அதன்மேல் இன்னொரு சுருக்கு இருப்பதால் கொஞ்சம் குறையலாம். 'அரை நிமிடக் காட்டுக்கு 245 எம்.பி.யா!' என்று நானும் முதலில் வாயைப் பிளந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த ஃபைலை யாருக்கும் அனுப்பப்போவதில்லை. அது கணினிக்குள்ளேயே இருக்கப்போகிறது. அனுப்புவதற்கு ஃபைல் சிறிதாக இருக்க வேண்டும், ஆடுவதற்கு லேசாக இருக்க வேண்டும். சிறிதும் லேசும் ஒன்று இல்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

எங்கள் நோட்டில் இருக்கும் வேலை வரிசையை அப்படியே தருகிறேன்.

1. முதலில் திரையின் புள்ளிக் கணக்கைக் கேள். அடிக்கணக்கைச் சொன்னால் விடாதே. வாடகைத் திரை என்றால் திரைக்காரரிடம் எழுதி வாங்கு.

2. வீடியோவை அந்த அளவுக்கே வெட்டிச் சுருக்கு. அகலமும் உயரமும் நான்கால் மீதமின்றி வகுபட வேண்டும். ஹாப் படத்தை நாலுக்கு நாலு புள்ளிக் கட்டங்களாகத்தான் பிரிக்கிறது.

3. எல்லா வீடியோவுக்கும் விநாடிக்கு ஒரே எண்ணிக்கைப் படம். 25 என்றால் எல்லாம் 25. செல்போனில் எடுத்தது வெளிச்சத்துக்கு ஏற்ப ஒரு நேரம் கூடியும் ஒரு நேரம் குறைந்தும் இருக்கும். மாற்றும்போது சீரான எண்ணிக்கை என்று தேர்ந்தெடு. இது தாளம். 25 படம் என்றால் ஒரு படத்துக்கு 40 மில்லிவிநாடி. ஒன்று தவறினாலும் கண் கண்டுபிடித்துவிடும்.

4. எந்த மென்பொருளில் ஓட்டப் போகிறாய் என்று பார்த்து, அதற்கேற்ற வடிவுக்கு மாற்று. ரெசல்யூம் என்றால் டி.எக்ஸ்.வி. அதற்கு ஆலி என்ற மாற்றியை அவர்களே இலவசமாகத் தருகிறார்கள். ஹாப் ஏற்கும் மென்பொருள் என்றால் ஹாப். எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவசக் கருவியில் மாற்றலாம். இரண்டையும் ஏற்காத மென்பொருள் என்றால், எச்.264இலேயே எல்லாப் படமும் முழுப் படமாக இருக்கும்படி மாற்றிக்கொள்ளலாம். ஃபைல் பெரிதாகும், ஆனால் தாவும்போது திணறாது.

5. அந்தி வானம், மூடுபனி மாதிரி நிறம் மெல்ல மெல்ல மாறும் காட்சி என்றால் சாதாரண ஹாப்பில் பட்டை பட்டையாகத் தெரியலாம். அதற்கு ஹாப் கியூ. இடம் இரண்டு மடங்கு பிடிக்கும். யானை மட்டும் தனியாக, பின்னால் ஒன்றும் இல்லாமல் வேண்டும் என்றால் ஹாப் ஆல்ஃபா. காடு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும், யானை மேலே நடந்து வரும்.

6. வீடியோவில் இருக்கும் சத்தம் தேவையில்லை என்றால் நீக்கிவிடு. ஆர்மோனியம் வாசிக்கும்போது அருவிச் சத்தம் குறுக்கே வந்தால் ராஜபார்ட் சுருதியைத் தேடுவார்.

7. மாற்றிய ஃபைல்கள் கணினிக்குள் இருக்கும் எஸ்.எஸ்.டி.யில் இருக்கட்டும். பென்டிரைவிலிருந்து ஓட்டாதே. மூலப் படத்தைத் தனியே பத்திரமாக வை. திரை மாறினால் மறுபடி மூலத்திலிருந்துதான் மாற்ற வேண்டும்.

8. வாட்ஸப்பில் வந்த வீடியோவை மாற்றிப் பயனில்லை. அது ஏற்கெனவே பிழிந்த கரும்புச் சக்கை. எந்த வடிவில் ஊற்றினாலும் சாறு வராது. எடுத்தவரிடமே மூலத்தைக் கேட்டு வாங்கு. வாட்ஸப்பில்தான் அனுப்ப முடியும் என்றால் 'டாக்குமெண்ட்' என்று அனுப்பச் சொல்.

9. முதல் நாளே அதே கணினியில், அதே மென்பொருளில், எல்லாவற்றையும் ஓட்டிப் பார். வீட்டுக் கணினியில் நன்றாக ஓடியது என்பது சாட்சி ஆகாது. லேப்டாப்பை மின்சாரத்தில் செருகி வை. பேட்டரியில் ஓடினால் அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இவ்வளவுதான். இதில் எதுவும் கல்லூரிப் படிப்பு இல்லை. பெருக்கல், வகுத்தல், முன்தயாரிப்பு. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்புக்குள் போகாதே என்பதுதான். பிள்ளைகள் முன்னால் நின்றுகொண்டு யோசித்தால் வகுப்பு கைவிட்டுப் போய்விடும். மேடையும் அப்படியே.

இதைக் கேட்டுவிட்டு எங்கள் தெருவில் இருக்கும் பழைய ஆர்மோனியக்காரர் ஒரு கேள்வி கேட்டார். "ஏன் டீச்சர், இவ்வளவு பாடுபட்டு அந்த டிவியைக் கட்டணுமா? படுதாவுல நடிச்ச காலத்துல சனம் நடிகரப் பாத்துச்சு. இப்ப மயிலப் பாக்குது." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. திரையின் வெளிச்சத்தில் நடிகரின் முகம் மங்கித்தான் போகிறது. நான் அதை நம் மாணவனிடம் சொன்னேன். அவன் திரையின் வெளிச்சத்தைக் குறைத்தான். மயிலை எடுத்துவிட்டான். தர்க்கம் நடக்கும்போது அசையாத காடு, மெல்ல ஆடும் இலை, அவ்வளவு போதும் என்று வைத்தான். சினிமா காட்டுவதற்கு நாம் வரவில்லை, படுதா கட்டத்தான் வந்திருக்கிறோம் என்று அவனே சொன்னான். நான் சொல்லிக்கொடுக்காத பாடம் அது.

இந்த வருடம் வேறொரு ஊர்த் திருவிழா. வள்ளி வேடத்துக்கு அதே அம்மாதான் என்று தெரிந்ததும் இவனுக்குக் கை நடுங்கியது. என்னையும் வரச் சொன்னான். நீங்கள் பார்த்த படம் அங்கே எடுத்ததுதான். நான் ஒன்றும் செய்யவில்லை. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அன்று தர்க்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. அரை நிமிடக் காடு முடிந்து முடிந்து மறுபடி தொடங்கியது, எங்கே முடிகிறது எங்கே தொடங்குகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நாலு மணி வாக்கில் ராஜபார்ட் அண்ணனைக் கூப்பிட்டார். இவன் ஒரு பொத்தானைத் தட்டினான். யானை வந்தது.

யாரும் கைதட்டவில்லை. யாரும் திரையைப் பற்றிப் பேசவும் இல்லை. எனக்கு முன்னால் தாத்தா மடியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை விழித்து, 'ஆனை' என்றது. அந்த அம்மா அலறி ஓடினார். கூட்டம் மூச்சுப் பிடித்துப் பார்த்தது அவரைத்தான். அதற்காகத்தானே இந்தப் பாடு.

விடிந்ததும் கமிட்டிக்காரர்கள் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தார்கள். அந்த அம்மா போகும்போது இவனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வேனில் ஏறினார். "ஒண்ணுமே சொல்லல டீச்சர்" என்றான். ஒன்றும் சொல்லாததுதான் பெரிய சான்றிதழ் என்றேன். கடன் இன்னும் இருக்கிறது. திரையை விற்கும் பேச்சு இப்போதைக்கு இல்லை.

நோட்டு அவனிடம்தான் இருக்கிறது. போன மாதம் கீரமங்கலம் பக்கமிருந்து வந்த இன்னொரு செட்டுக்காரப் பையனுக்கு அவனே உட்கார்ந்து கடித உதாரணத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். பத்தாவதோடு நின்றவன்தான்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் பல தொழிலில் இருக்கிறீர்கள். உங்கள் தொழிலின் நுணுக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதிக் கிடக்கிறது. அதைப் படிக்க முடியாத, ஆனால் அதே தொழிலைக் கையால் செய்துகொண்டிருக்கும் ஒருவர் நம் ஊரில் கட்டாயம் இருப்பார். தனக்கு அறிவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் செய்யுங்கள். தமிழில் சொல்லுங்கள். சொல்ல வரவில்லை என்றால் எனக்குச் சொல்லுங்கள், எழுதித் தருகிறேன். நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆண்டு விழாவுக்குத் திரை வைக்கப்போகும் ஆசிரிய நண்பர்கள் மேலே உள்ள ஒன்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். சென்னைத் தம்பியும் இதைப் படிப்பான், எனக்குத் தெரியாததை அவன் சொல்வான்.

எல்லாரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்